இடம் மாறிய மெய்

எங்கள் நாளிதழில் ஒரு பத்தியின் அகலம்
நான்கு விரற்கடை.
எங்கள் டச்சுச் சொற்களுக்கோ
சரக்கு ரயிலின் நீளம்.
இரவு பதினொன்றுக்கு மேல்
சீரிக்சே ஊரில், அச்சுக்கு முந்தைய மேசையில்
கொக்கி கழற்றுவது என் உத்தியோகம்:
எந்தப் பெட்டிக்குப் பின்னால் சிறுகோடு போட்டு
மீதியை அடுத்த வரிக்குத் தள்ளிவிடலாம் என்று.

விதி கேட்டால் யிக்கெ மேசையைத் தட்டுவாள்.
ஒரு தட்டு, ஓர் அசை.
வாய்விட்டுச் சொல்லிப் பார்,
கோடு தானாக விழும் என்பாள்.
கணினிக்கு வாய் இல்லை.
போன கோடையில்
மசாஜ் கட்டில் விளம்பரம் ஒன்றை
நடுவில் ஓர் எழுத்து தள்ளி உடைத்தது;
மறுநாள் அது கூட்டு ஜெபம்.
கட்டணம் எதற்கு என்று
போதகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்.
கால் சுற்றுத் திருக வேண்டிய குழாயில்
படிகப் பாறை அடுக்குகள் முளைத்ததும் உண்டு.
சிரித்தோம். காபி குடித்தோம்.
வெளியே கரைக்குக் கீழே
ஈர இருட்டில் மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன,
அவற்றுக்கு அவசரமில்லை.

ஜனவரி முப்பத்தொன்று.
வெள்ளம் வந்து ஐம்பது ஆண்டு.
அதற்கென்று நாடே வைத்த பெயர்
வா–டெர்ஸ்–நோட்–ரம்ப்.
நீர், இடர், அழிவு, எல்லாம் ஒரே மூச்சில்.
எழுதும்போது மெலிந்து முடிகிற மூன்றாம் அசை
சொல்லும்போது நாக்கில் இறுகிவிடும்.
பதினான்கு எழுத்து. தலைப்பில் அடங்கவில்லை.
அடங்கவில்லை என்பதால்
சின்னதாய் ஒன்று போட்டேன்:
டெய்க்ரம்ப்.
டெய்க் என்றால் கரை, ரம்ப் அழிவு.
இரண்டே தட்டு.
மணி பன்னிரண்டு நாற்பது. கோப்பை அனுப்பிவிட்டு
சைக்கிளில் எதிர்காற்றை மிதித்து வீடு போனேன்.

காலையில் முதல் பக்கத்தில்
வரியின் கடைசியில் டெய், ஒரு சிறுகோடு,
கீழே க்ரம்ப்.
டெய் என்றால் தொடை.
க்ரம்ப் என்றால் குரக்களி.
தொடைக் குரக்களிக்கு
ஐம்பதாம் ஆண்டு நினைவஞ்சலி,
மலர்வளையம் காலை பத்து மணிக்கு.

ஒன்பது மணிக்குள் முப்பது அழைப்பு.
மரினுஸ் திட்டுகளைத் தாளில் கோடிட்டு எண்ணினான்,
ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு.
முப்பத்தொன்றாவது அழைப்பை நான் எடுத்தேன்.
பீட்டர்னெல்லா ஃபெர்ஹாகெ, என்றது குரல்,
அந்த இரவில் ஏழு வயது.

மன்னிக்கவும், என்று தொடங்கினேன்.
அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.
டெய். நிறுத்தினார். க்ரம்ப்.
மறுபடி. டெய். க்ரம்ப்.
சிறுகோட்டின் நீளம் முழுக்க
மூச்சு மட்டும் கேட்டது.

‘அம்மா சமையலறை மேசைமேல் நின்றாள்.
தண்ணீர் தொடை வரைக்கும்.
நான் தோளில்.
விடியுமுன் மூன்று மணியிலிருந்து
மத்தியானம் படகு வரும்வரை.
உட்கார்ந்தால் நான் நனைவேன்.
அப்புறம் முப்பத்தாறு வருஷம்
ராத்திரி அவளுக்கு முன்னே
அவள் தொடைதான் முதலில் விழிக்கும்.
நான் போய்ப் பிசைந்துவிடுவேன்.
கரையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள்.
இதை யாருமே எழுதவில்லை.’

திருத்தம் வெளியிடப்போகிறோம், என்றேன்,
வேறெதுவும் வாயில் வராமல்.
‘போடுங்கள். கரையும் உடைந்ததுதானே’
என்று வைத்துவிட்டார்.

மறுநாள் நான்காம் பக்கத்தில் இரண்டு வரி.
இன்னதை இன்னவாறு படிக்கவும்.
உடையாதபடி நானே பூட்டிவைத்தேன் அந்தச் சொல்லை.

ஆனாலும் கரைமேல் சைக்கிளில் போகையில்
உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.
வேகமாகச் சொன்னால் தெரிவதில்லை
நடுவிலிருக்கும் அந்தக் ‘க்’
சுவரைச் சேர்ந்ததா, காலைச் சேர்ந்ததா என்று.
தனியே அசையாக முடியாத ஒற்று,
யார் தோளிலாவது
ஏறித்தான் ஆக வேண்டும்.